வழுக்கையாற்றில் தண்ணீர் வரும்வரை

ஓகஸ்ட் 5, சனி

காலையில் வழக்கமான பாதை. உடுவிலிலிருந்து சங்குவேலி, கட்டுடை, நவாலி, பிறகு ஆற்றங்கரையோடு அராலி. வழுக்கையாறு என்று பெயர்தான் பெரிது. மாரியில் மட்டும் ஓடும், இப்போது அடியில் புல்லும் புல்லில் மாடும். ஆனாலும் மருதும் இலுப்பையும் பனையுமாகக் கரை முழுக்க மரம். யாழ்ப்பாணத்தில் நிழலுக்குள்ளால் சைக்கிள் ஓட வேறு எங்கே போவது என்று இவர் கேட்பார். சனிக்கிழமைச் சைக்கிள்காரருக்கு இந்தப் பாதையைக் காட்டிக்கொடுத்தவரே இவர்தான். பூமிசாத்திரம் படிப்பித்த மாஸ்டர் ஓய்வுபெற்றால் வேறு என்ன செய்வார்?

இன்றும் நான் முன்னுக்கு, இவர் பின்னுக்கு. குருநகரிலிருந்து வரும் லியோன், படகு எஞ்சின் திருத்துகிறவன், பகிடி விட்டான்: "என்ன அக்கா, இப்ப நீங்களோ தலைவர்? நேசன் அண்ணையை ராஜினாமாச் செய்ய வைச்சிட்டியளோ?"

சிரித்துச் சமாளித்தேன். உண்மை என்னவென்றால் இவர் என் மஞ்சள் சட்டையைப் பார்த்துத்தான் ஓடுகிறார். பார்வையின் ஓரமெல்லாம் போய்விட்டது. குழாய்க்குள்ளால் பார்ப்பதுபோல் நடுவில் மட்டும் தெரிகிறது. காலடியில் கிடப்பது தெரியாது. ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று எனக்கு உத்தரவு.

ஓகஸ்ட் 17, வியாழன்

கண் கிளினிக். போன பார்வை திரும்பாதாம். மிச்சத்தைக் காப்பாற்றத்தான் மருந்து விடுவதாம். எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டேன். டொக்டர் என்னைப் பார்க்காமல் துண்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் வரும்போது இவர் சொன்னார்: "இந்த மாரிக்கு ஆறு ஓடுறதைப் பாத்திட்டனெண்டால் போதும், சீலா. பேந்து பார்வை மூடினாலும் பரவாயில்லை."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கனடாவிலை இருக்கிற மேளின்ரை முகத்தைப் பாக்கவேணும் எண்டு தோன்றேல்லையோ உங்களுக்கு?"

"அவளின்ரை முகம் எனக்குள்ளை கிடக்கு. ஆறு அப்பிடியில்லை. வருசத்துக்கு வருசம் வேறை."

என் முகத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

செப்ரெம்பர் 9, சனி

விழுந்துபோனார். என்னாலைதான்.

நவாலியிலை மதகு தாண்டினதும், குழாய் தாட்டவங்கள் கிடங்கை வடிவா மூடாமல் விட்டிட்டாங்கள். நான் கண்டிட்டன். திரும்பிப் பாத்துக் கையைக் காட்டிக் கத்தினன்: "உதிலை கிடங்கு! உதிலை, உதிலை!"

உதிலையெண்டால் எதிலை? என்ரை கை எந்தப் பக்கம் நீண்டது எண்டு அவருக்கு எப்பிடித் தெரியும்? இடப்பக்கம் வெட்டினார். கிடங்கு இடப்பக்கந்தான்.

தோளடியிலை காறை எலும்பு முறிவு. இனி நாளைக்கு.

செப்ரெம்பர் 10, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. லியோன் பார்க்க வந்தான். "பிறேக் விட்டிட்டுது, தம்பி" என்றார் இவர். லியோன் விறாந்தையில் நின்ற சைக்கிளின் பிறேக்கை இரண்டு தரம் பிடித்துப் பார்த்தான். ரீ குடித்துவிட்டுப் போனான்.

செப்ரெம்பர் 19, செவ்வாய்

இது கிட்ட இருப்பது, அது தூர இருப்பது. எங்களுக்கு நடுவில் உது என்று ஒன்று. கேட்கிறவருக்குப் பக்கத்தில் இருப்பதும் உது, இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்பதும் உது. கண் இருந்தால்தான் அந்தச் சொல்லுக்கு உயிர். வாயைத் திறந்தால் எனக்கு அதுதான் வருகிறது என்பது இப்போதுதான் தெரிகிறது. உதை எடுங்கோ. உதிலை இருங்கோ. உதுக்குள்ளை பாருங்கோ.

இன்று காலையும் "கோப்பையை உதிலை வையுங்கோ" என்றுவிட்டேன். கட்டுப் போடாத கையில் கோப்பையோடு அப்படியே நின்றார். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

ஒக்ரோபர் 3, செவ்வாய்

தோள் கட்டை அவிழ்த்துவிட்டார்கள். இனிச் சைக்கிள் வேண்டாம் என்று டொக்டர் சொன்னதைக் கேட்காததுபோல் இவர் இருந்தார்.

பின்னேரம் மெல்லச் சொன்னேன், என்னுடைய சைக்கிளில் கரியர் இருக்கிறதுதானே, பின்னால் இருங்கோ, நான் உழக்குகிறேன் என்று. வந்ததே கோபம்.

"பொம்பிளை உழக்க நான் பின்னாலை குந்திக்கொண்டு உடுவில் றோட்டாலை போறதோ? சனம் என்ன கதைக்கும்?"

"சனமோ உங்களுக்கு ஆற்றைக் கொண்டுபோய்க் காட்டப்போகுது? அப்ப ஓட்டோவிலை வாங்கோ."

"ஓட்டோ மதகோடை நிண்டிடும். மதகிலை நிண்டு எட்டிப் பாக்கிறது ஆறு பாக்கிறதோ? கரையோடை போகவேணும்."

"கரையோடை போறதெண்டால் கரியர்தான்."

"விசர்க்கதை கதையாதையும்."

கலியாணம் கட்டின புதிதில் இதே மனுசன்தான் என்னைச் சைக்கிள் பாரில் இருத்திக்கொண்டு மானிப்பாய்ச் சந்தியால் போனவர். அப்போது சனம் கதைக்கவில்லையா?

ஒக்ரோபர் 21, சனி

மழை இல்லை. சண்டை இருக்கிறது.

நவம்பர் 11, சனி

நல்ல மழை. கிணற்றில் தண்ணீர் ஏறிவிட்டது. மற்றச் சைக்கிள்காரர் நனைந்துகொண்டே ஓடிவிட்டு வந்தார்களாம். ஆற்றில் அங்கங்கே குட்டைதானாம், ஓட்டம் இன்னும் பிடிக்கவில்லையாம். இவர் விறாந்தைக் கதிரையில் இருந்து தாழ்வாரத் தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நவம்பர் 23, வியாழன்

செபத்துக்கு வேதப் புத்தகத்தை என்னிடம் நீட்டினார். "நீர் வாசியும். எனக்குத் தோள் நோகுது." நான் சங்கீதத்தைத் தட்டுத்தடுமாறி வாசிக்க, பாடமாகவே திருத்தினார். மாஸ்டர்க் குணம் எங்கே போகும்?

நவம்பர் 26, ஞாயிறு

பின்னேரம் லியோன் விளைமீன் கொண்டுவந்தான். "அண்ணை, கந்தரோடையாலை தண்ணி இறங்கீட்டுது. சனிக்கிழமைக்குள்ளை நவாலி தாண்டும். வெளிக்கிடுவமோ?"

மீனை நான் வாங்கிக்கொண்டேன். இவர் கதிரையில் நிமிர்ந்து இருந்தார்.

"அண்டைக்குப் பிறேக் பிழைக்கேல்லை, லியோன். எனக்குக் கண் சரியில்லை."

"தெரியும் அண்ணை."

"எப்ப தொடக்கம்?"

"அக்கா மஞ்சள் சட்டையை மாத்தாமல் போடத் தொடங்கினதிலை இருந்து."

மீன் வெட்டுகிற சாட்டில் குசினிக்குள் போய்விட்டேன்.

டிசம்பர் 1, வெள்ளி

வென்றுவிட்டேன்!

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து தானாகவே கேட்டார்: "நாளைக்கு என்னைக் கரியரிலை ஏத்திக்கொண்டு போவீரோ, சீலா?"

என்னுடைய காதையே நம்பமுடியவில்லை. "சனம் கதைச்சால்?" என்றேன், விடாமல்.

"கதைச்சிட்டுப் போகட்டும்."

ரெண்டு மாதம் ஒற்றைக் காலில் நின்ற மனுசன். ஆம்பிளைக் கொழுப்பு ஒருவழியாகக் கரைந்தது. கரியரில் தலையணையை மடித்துக் கட்டி, ரயருக்குக் காற்றும் அடித்துவிட்டேன். இந்த வயதில் இப்படி ஒரு சந்தோசம்.

டிசம்பர் 2, சனி

மழை விட்டு நல்ல வெயில். லியோன் ஆட்கள் எங்களை விட்டு முன்னுக்குப் போனார்கள், வேண்டுமென்றேதான். முதல் முயற்சியில் படலையடியிலேயே சரிந்தோம். முன்வீட்டுச் சிசிலியா வாயில் கை வைத்துச் சிரித்தாள். "என்ன மாஸ்டர், மாமியை வேலை வாங்கிறியள்?" இவர் கோபிக்கவில்லை. "சம்பளம் குடுக்கிறன் பிள்ளை" என்றார். என்னுடைய இடுப்பைப் பிடித்துக்கொண்டு இருந்தார், பட்டப்பகலில்.

போகும் வழியெல்லாம் கதை. "இப்ப சங்குவேலி ஒழுங்கை திரும்புது." "இப்ப இலுப்பைக்குக் கீழை வந்திட்டம், குளிருது." எல்லாம் சரியாக இருந்தது. நான் மூச்சு வாங்கி வாங்கி ஓம், ஓம் என்றேன். மனதுக்குள் பெருமைதான் எனக்கு.

கட்டுடைக்கு அங்காலே மரம் கொஞ்சம் விலகி நிற்கும் இடம். கரை முட்ட ஆறு. இந்த ஆற்றுக்குச் சத்தம் கிடையாது, எண்ணெய் வழிகிற மாதிரித்தான் போகும். வெயில் பட்டு அகலமாக மினுங்கியது. காலை ஊன்றி நிறுத்தினேன். இவர் இறங்கி எனக்குப் பக்கத்தில் வந்து நேரே முன்னுக்குப் பார்த்தபடி நின்றார். அவர் ஆசை தீரப் பார்க்கட்டும் என்று விட்டேன்.

கொஞ்ச நேரம் போனது.

"சீலா, தண்ணி வந்திட்டுதோ?"

பகிடி என்றுதான் முதலில் நினைத்தேன். திரும்பி அவருடைய முகத்தைப் பார்த்தேன். முன்சில்லுக்கு ஒரு முழம் தள்ளித்தான் தண்ணீர். அதையேதான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்ப தொடக்கம்?" என்றேன்.

"நடுவும் கலங்கிக்கொண்டுதான் வந்தது. வியாழக்கிழமை விடிய எழும்ப, வெளிச்சம் மட்டுந்தான். இண்டைக்கு வெயில் கூட, தெரிஞ்சாலும் தெரியும் எண்டு நினைச்சன்." பிறகு, "சொல்லுமன், ஓடுதோ?"

"ஓடுது. கரை முட்ட ஓடுது."

"என்ன நிறம்?"

"மண் நிறம்."

"அப்ப மேலை தெல்லிப்பழைப் பக்கம் நல்ல மழை" என்றார். குரலில் திருப்தி இருந்தது. நான் சைக்கிள் ஹாண்டிலை அவருடைய கையில் கொடுத்துவிட்டுக் கரையில் குந்தி அழுதேன். வாயைப் பொத்தியும் சத்தம் வந்துவிட்டது.

அவர் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார்.

"ஆரும் வருகினமோ எண்டு பாரும்."

பார்த்தேன். "ஒருத்தரும் இல்லை."

"வடிவாப் பாத்தீரோ?"

"பாத்திட்டன். நாங்கள்தான்."

அதன் பிறகுதான் அவரும் அழுதார்.