ஒட்டுப் போட்ட குழாய்

என் அன்புள்ள இன்ஜின்காரருக்கு,

நலம் என்று எழுதத்தான் கை போகிறது. இந்த முறை பொய் எழுத மனமில்லை. நம் வாலு மட்டும் நலம். முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. அப்பா கப்பலிலிருந்து வரும்வரை அடுத்த பல் விழக் கூடாதாம். வாயைத் திறக்காமலே சாப்பிடப் பார்க்கிறாள்.

நேற்று போன் விட்டுவிட்டுக் கேட்டதில் உங்களுக்குப் பாதிதான் புரிந்திருக்கும். குழந்தை இருக்கிறது. இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. வாலு பிறந்தபோது ஆபரேஷன் செய்தார்களே, கர்ப்பப்பையில் அந்தத் தழும்புக்குள்ளேயே போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. டாக்டரம்மா திரையில் காட்டினார். இதயம் துடிக்கிறது. அதை நான் பார்க்காமலே இருந்திருக்கலாம்.

வளர விட்டால் அந்த இடம் கிழிந்து ரத்தம் கொட்டுமாம். நானே போனாலும் போகலாமாம். ஊசி போட்டுக் கரைக்கலாம், ஆனால் துடிப்பு வந்துவிட்டதால் அது மட்டும் போதாமல் போகலாம் என்றார். இல்லையென்றால் அறுவை சிகிச்சை. கருவை எடுத்துவிட்டு, மெலிந்துபோன தழும்பையும் வெட்டித் தைப்பார்கள். ரத்தம் நிற்காவிட்டால் கர்ப்பப்பையையே எடுக்கவும் சம்மதம் கேட்கிறார்கள். நான் சம்மதித்துவிட்டேன். நாளைக் காலை அறுவை சிகிச்சை.

கப்பல் கரைக்கு வரட்டும், அதுவரைக்கும் பொறுத்துக்கோ, ஏதாவது வழி பிறக்கும் என்றீர்கள். கோபம் தலைக்கேறியது. அப்புறம் அழுதேன். வழியே இல்லையா என்று நானும்தான் டாக்டரம்மாவைத் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

போன தடவை வந்தபோது ஒரு கதை சொன்னீர்களே. ஒட்டுப் போட்ட நீராவிக் குழாய் மெலிந்திருப்பதைப் பார்த்து நடுக்கடலில் இன்ஜினை நிறுத்திவிட்டீர்கள். கரை பக்கத்துலதானே, மெதுவாப் போயிடலாம் என்று கேப்டன் கத்தினாராம். ஒட்டு வெடிச்சா கரை பக்கத்துல இருந்தென்ன, தூரத்துல இருந்தென்ன என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றீர்களாம். இன்று கேப்டன் நீங்கள். கையைக் கட்டிக்கொண்டு நிற்பது நான்.

உங்கள் அக்கா முதலில், தம்பியைக் கேக்காம கையெழுத்துப் போடாதே என்றார். ஸ்கேனுக்குக் கூட வந்து திரையைப் பார்த்தார். திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும், ஆஸ்பத்திரிக்கு என்னென்ன துணி எடுத்து வைக்கணும் என்று மட்டும் கேட்டார். வாலுவை அவர் பார்த்துக்கொள்வார்.

துறைமுகத்தில் இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். எனக்குப் பயமில்லை என்று நினைக்காதீர்கள். எழுத்தைப் பார்த்தாலே தெரியும்.

ஓய்வு நேரத்தில் தொட்டிலுக்குக் கொக்கி செய்வதாகச் சொன்னீர்கள். கடலில் எறிந்துவிடாதீர்கள், கொண்டு வாருங்கள். அதை என்ன செய்வதென்று சேர்ந்தே யோசிப்போம். பொறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். அன்றைக்கு இன்ஜினை நிறுத்திவிட்டு முதலில் என்ன கேட்டீர்களோ, அதையே கேளுங்கள்: ஆளுங்க எல்லாம் பத்திரமா?

கடல் உங்களைப் பத்திரமாகத் திருப்பித் தரட்டும்.

இப்படிக்கு,
நீங்கள் தட்டும்போது கதவைத் திறக்க ஆசைப்படும்
உங்கள் மனைவி