சுவரிலிருந்து எடுத்த படம்

திருப்பதியில் ஒரு மருத்துவமனையின் கைகழுவும் இடத்தில் சிவப்பு சோப்பு வைத்திருந்தார்கள். ரத்த அழுத்த மாத்திரைக்குச் சீட்டு வாங்க வந்தவன், கையைக் கழுவியதும் அப்படியே நின்றுவிட்டேன். உன்னிடம் எப்போதும் வந்த வாசனை.

டீ கிளாஸைத் தொடுமுன் மூன்று முறை கழுவுவாய். பிறகும் விரலை மோந்து பார்ப்பாய். "இன்னா சார், ஆபரேசனுக்குப் போறியா?" என்பார் டீக்கடைக்காரர். "இன்னும் நாறுதுண்ணா" என்பாய். நாங்கள் சிரிப்போம். நீயும் சிரிப்பாய்.

அது எப்போது தொடங்கியது என்று எனக்குத் தெரியும். சித்தூரில் ஒரே பத்திரிகையில் நான் நிருபர், நீ புகைப்படக்காரன். பங்காருபாளையத்தில் மாங்காய் லாரி கவிழ்ந்து, மூட்டை மேல் உட்கார்ந்து வந்த கூலியாள் ஒருவன் இறந்துபோனான். சாவு வீட்டில் நம் பத்திரிகை ஆட்கள் முதலில் கேட்பது இறந்தவரின் படத்தைத்தான். அன்று யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. அவனுடைய அம்மா மயங்கிக் கிடந்தாள்.

"யாரையும் கேட்டுக்கினு இருக்காத. செவுத்துல மாட்டிக்கிது பாரு, வெளிச்சத்துக்கு எடுத்துக்கினு வா" என்றேன்.

நீ சட்டத்தைக் கழற்றிக்கொண்டு வாசலை எட்டுவதற்குள் அந்த அம்மா கண் விழித்துவிட்டாள். வெறும் ஆணியைப் பார்த்தாள். பிறகு உன்னை.

"அவந்தான் பூட்டான். படத்தையுமா எடுத்துக்கினு போற நைனா?"

மாட்டிவிட்டு வந்தாய், படம் எடுக்காமலே. எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. மறுநாள் வேறு செய்தி வந்தது, சங்கடம் போய்விட்டது. உனக்குப் போகவில்லை. கல்யாண வீடுகளில் கடைசிப் பந்திக்கும் பிறகு சாப்பிட்டாய். கண்ணாடி பார்க்காமல் தலை வாரினாய். பலமனேர் பஸ் நிலையத்தில் ஒருநாள் சொன்னாய்: "என் மூஞ்சிய நானே பாக்க முடியலடா. கொமட்டுது."

பல வருடம் கழித்து ஒரு கட்டுரைக்காக மனநல மருத்துவர் ஒருவரைச் சந்தித்தேன். "தப்பு பண்ணிட்டோம்னு நெனைக்கிறவங்க அதச் சரிபண்ணப் போவாங்க. நானே அசிங்கம்னு நெனைக்கிறவங்க ஒளிஞ்சுக்குவாங்க. தூக்கம் போயிடும். ஒடம்பப் பாத்துக்க மாட்டாங்க. உதவி கேக்கவும் கூசுவாங்க" என்றார். அவர் உன்னைப் பார்த்ததே இல்லை. நான் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டேன்.

அதற்குள் நீ இல்லை. சர்க்கரை நோயில் வந்த கால் புண்ணை மாதக்கணக்கில் சாக்ஸுக்குள் மறைத்து வைத்திருந்தாய். நொண்டுவதைப் பார்த்து, டாக்டரிடம் காட்டலாம் வா என்றேன்.

"இந்தக் கால யார்கிட்ட காட்டறது? பாக்கறவங்க வாந்தி எடுப்பாங்க."

"மூஞ்சியவே தெனம் பாத்துக்கினு கீறோம். காலுக்கு இன்னாடா?"

நீ சிரித்தாய். அதன் பிறகு என் எதிரில் நொண்டாமல் நடக்கப் பழகிக்கொண்டாய். திருப்பதிக்கு உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தபோது புண்ணின் விஷம் ரத்தத்தில் ஏறியிருந்தது. அன்று அந்தப் படத்தை எடு என்று சொன்னவன் நான்தான் என்பதை ஒருநாளும் உன்னிடம் ஒப்புக்கொண்டதில்லை.

போன மாதம் பங்காருபாளையம் போனேன். அந்த அம்மா இருக்கிறாள். படம் அதே சுவரில் இருக்கிறது. பத்திரிகைக்காரன் ஒருவன் அதைக் கழற்றினானே, நான் சொல்லித்தான் செய்தான் என்றேன். படத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்னிக்கு யாரு வந்தாங்க, யாரு போனாங்க, எனக்கு ஒண்ணும் நெனப்பு இல்ல நைனா. உக்காரு, மோர் குட்ச்சிட்டுப் போ."

உன்னைக் கழுவிக் கழுவித் தேய்க்க வைத்த அந்தப் பார்வை அவளிடம் இல்லவே இல்லை. எப்போது மறந்தாளோ தெரியாது. முதல் வாரத்திலேயே மறந்திருக்கலாம். சித்தூரிலிருந்து அங்கே பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஊரில் யார் எது சொன்னாலும் நேரில் போய்ச் சரிபார்ப்பது என் தொழில். நீ உயிரோடு இருந்த வருடங்களில் இதை மட்டும் போய்க் கேட்காமல் இருந்துவிட்டேன்.