காற்று புகுந்த புட்டி

மார்ச் 4
மூடிக் கிடக்கும் பெயின்ட் ஆலையின் வடிகாலில் அள்ளிய சேறு, ஆய்வகத்தில் மூன்று புட்டிகளில். இரண்டில் ஒரு மாற்றமும் இல்லை. மூன்றாவதில் மட்டும் காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் டொலுவீனைத் தின்கின்றன. ஆலையின் தின்னரில் இருந்த அதே டொலுவீன்.

ஆலை ஓடிய நாளில் மிஞ்சிய தின்னரைக் குழியில் ஊற்றும் வேலை அப்பாவுடையது. குழி எங்கே என்று கேட்டால் மட்டும் வாய் திறக்க மாட்டார். இன்றும், "மூடின மண்ண எதுக்கும்மா கிளறுற?"

மார்ச் 9
அப்பாவுக்கு வீட்டிலேயே ஆக்சிஜன் உருளை வந்துவிட்டது.

"உன் பூச்சிங்களுக்கும் இது வேணுமா?"

"இது பட்டா அதுங்க கதை முடிஞ்சுதுப்பா."

டொலுவீன் மூலக்கூறின் கார்பன் வளையம் லேசில் உடையாது. முதலில் ஒரு நொதி அதோடு இன்னொரு மூலக்கூறை ஒட்டவைக்கிறது. அதன்பிறகே மற்ற நொதிகள் வளையத்தைத் தளர்த்தி அறுக்க முடியும். அந்த முதல் நொதியோ காற்றுப் பட்டால் தானே அறுந்துபோகும். இதைச் சொன்னதும், "அவ்ளோ தொட்டாச்சிணுங்கியா?" என்று சிரிக்கப் பார்த்து இருமினார்.

மார்ச் 16
படுபாவி நான். ஊசிக்குள் இருந்த காற்றை நைட்ரஜனால் வெளியேற்றாமல் மூன்றாவது புட்டியில் குத்திவிட்டேன். காலையில் உருளை மாற்றியதிலேயே மனசு — கண்ணெதிரே புட்டி இளஞ்சிவப்பானது. காற்று புகுந்தால் காட்டிக்கொடுக்கும் சாயம் அது. போச்சு. எல்லாம் போச்சு.

மார்ச் 17
"தூக்கிப் போட்டுடாதம்மா," என்றார் அப்பா, கெஞ்சுவது போல. இவர் ஏன் கெஞ்ச வேண்டும்?

மார்ச் 25
சிவப்பு மறைந்துவிட்டது. சேற்றிலிருந்த சல்பைடு காற்றைத் தீர்த்திருக்கும். டொலுவீன் அப்படியே இருக்கிறது. அப்பா தினமும் கேட்கிறார்.

ஏப்ரல் 20
குறைகிறது! நம்பாமல் மறுபடி அளந்தேன். நுண்ணுயிர்கள் நொதியைப் புதிதாகக் கட்டிக்கொண்டுவிட்டன. வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன்.

"குழில இருக்கறதும் போயிடுமா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "அங்க இதுங்க இருக்கான்னே தெரியாதுப்பா. இருந்தாலும் வருஷக்கணக்காகும். எடம் தெரிஞ்சா ஏதாவது செய்யலாம்."

என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"குடியிருப்புக் கிணத்துக்குப் பின்னாடி."

ஆலைத் தொழிலாளர் குடியிருப்பில் நாங்கள் குடித்து வளர்ந்த கிணறு. இன்னும் அங்கே இறைத்துக் குடிக்கிறார்கள். எப்படிப்பா இத்தனை நாள் வாயை மூடிட்டு இருந்தே? கேட்கவில்லை. ஆத்திரமாக வந்தது. அவர் கையை விடவும் முடியவில்லை.

ஏப்ரல் 21
விடிந்ததும் குடியிருப்புக்குப் போய்க் கிணற்றைத் தொடாதீர்கள் என்று வீடுவீடாகச் சொன்னேன். ஏன் என்று கேட்டவர்களிடம் காரணத்தையும் சொன்னேன். நாளை மண் எடுக்கப் போகிறோம். அப்பாவும் வருகிறாராம், உருளையோடு. குழியின் நாலு மூலையையும் அவரே காட்ட வேண்டுமாம்.