தேங்காயெண்ணெய் விட்ட சக்கரம்

ஜூன் 9, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். கொடியில் துணி காயவில்லை. வாசகசாலையில் முதியோருக்கான தமிழ் எழுத்து வகுப்பு முடிந்தது. இனி நானே எழுதிப் பழகணும். அரைப் பக்கத்துக்கு ஒரு மணி நேரம். பரவாயில்லை, என்ன சுகம்! இன்று ‘பப்பாளி’ எழுதினேன். பார்க்கவே அழகு.

மகள் ஷைலாவின் காரில் ஒரு சத்தம். பிரேக்கைச் சவிட்டினால் இடது முன்சக்கரத்தில் கீச். கேட் வரை கேட்குது. மருமகன் பிஜு: “மழயில நனஞ்சதாக்கும். காஞ்சா போயிரும்.”

ஞாயிறு சம்பந்தி வீட்டாரோடு பொன்முடி மலைக்குப் போகணும். மலையிறக்கம். ஷைலாதான் ஓட்டுவாள். மனசு அங்கேயே நிற்குது.

ஜூன் 10, செவ்வாய்

மழை இல்லை. யாரும் எழும்பும் முன் அடுக்களையிலிருந்து தேங்காயெண்ணெய்க் குப்பி. கிணற்றுக் கப்பி, கேட், என் சைக்கிள், எல்லாவற்றின் கீச்சும் இதில் அடங்கினதுதான். காரின் இடது முன்சக்கரத்து ஓட்டை வழியாக, உள்ளே மினுங்குகிற தட்டில் தாராளமாக விட்டேன்.

ஷைலா வண்டியை எடுத்தாள். சத்தம் இல்லை! “அப்பா, என்ன மந்திரம் போட்டீங்க?” சிரித்துக்கொண்டு நின்றேன். நாள் முழுக்கச் சந்தோஷம்.

மாலை ஷைலா: “வண்டிக்குள்ள பப்படம் பொரிக்கிய மணம்.” பிஜு: “வழியில கல்யாண வீடு உண்டாயிருக்கும்.”

ஜூன் 11, புதன்

வெயில், புழுக்கம். மீன்காரி வரவில்லை. ஷைலா சொன்னது: சவிட்டினால் வண்டி வலப்பக்கம் இழுக்குது, எதிரே வருகிற பஸ்ஸுக்கு நேரே. நிற்கவும் தாமதம். பிஜு: “ரோடு சரியில்ல.”

இருந்தேன், எழும்பினேன். காரைச் சுற்றி வந்தேன். சக்கரம் கறுப்பாக இருக்குது, வேறொன்றும் தெரியவில்லை.

ஜூன் 12, வியாழன்

ஷைலா காலையிலேயே காரில் அதியன்னூருக்கு. அங்கே ஆஸ்பத்திரி லேபில் வேலை. நான் சாயாக்கடைக்கு. ஒர்க்‌ஷாப் சசி அங்கே இருந்தான். கீச்சை நிறுத்தின கதையைப் பெருமையாகச் சொன்னேன். சசி கிளாஸைக் கீழே வைத்தான்.

“பாட்டா, பிரேக்கிலயா எண்ணெ ஊத்தினீரு?”

“கொஞ்சம்தான்.”

“பிரேக் கட்ட தேஞ்சுபோச்சுன்னு வண்டி நம்மள விளிக்கிய சத்தமாக்கும் அது. நீரு அதுக்க வாயப் பொத்திட்டீரு. வண்டி எங்க?”

அதியன்னூர் ஆஸ்பத்திரியில் என்றேன். விரல் மடக்கிச் சொன்னான்: கீச் சத்தம். பெடல் ஆழமாய் இறங்கல். ஒருபக்கம் இழுப்பு. நிற்கத் தாமதம். கரிகிற மணம். ஸ்டியரிங்குக்கு முன்னால் சிவப்பு விளக்கு. “இதுல ஒண்ணு வந்தாலே வண்டிய ஒதுக்கணும். உமக்கு எத்தன வந்தது?”

சொல்லிக்கொண்டே பைக்கில் அதியன்னூருக்குக் கிளம்பினான்.

நான் போன் அடித்தேன். எடுக்கவில்லை. லேபில் அவள் போன் பைக்குள் கிடக்கும். மத்தியானம் சில நாள் சாப்பிடக் காரில் வெளியே போவாள். சசிக்கு முன்னே கிளம்பிவிட்டால்? எழுதி அனுப்பினேன். என் முதல் கடிதம்: ‘மகளே வண்டி எடுக்காதே. பிரேக்கில் எண்ணெய். நான்தான்.’

அனுப்பின பிறகுதான் ஓர்மை. ஷைலா மலையாளத்தில் படித்தவள். தமிழில் ஓர் எழுத்து தெரியாது. குரலில் பேசி அனுப்பியிருக்கலாம். எழுத்து வந்த பைத்தியம், அது தோன்றவே இல்லை. கடைக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் நடந்தேன். சாயாக்காரன்: “ஓய், இரியும். தல சுத்துது.”

போன் வந்தது. “அப்பா, சாவிய கையில எடுத்தாச்சு. அப்பதான் இத பாத்தேன். களியக்காவிளைக்காரி நர்ஸ், தமிழ் படிச்சவ, வாசிச்சுத் தந்தா. அதென்ன, நான்தான்?”

“எண்ணெ ஊத்தினது நானாக்கும் மக்களே.”

ஷைலா: “வண்டி இங்க கெடக்கட்டு. பஸ்ஸில வாறேன்.”

கண்ணில் தண்ணீர். சாயாவுக்கு இனிப்பு போதவில்லை என்று கடைக்காரனிடம் சண்டை பிடித்தேன்.

ஜூன் 14, சனி

மறுபடி மழை. சசி வண்டியை ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்து வந்து, சக்கரத்தைக் கழற்றிக் காட்டினான். கட்டை இரும்பு வரை தேய்ந்திருக்குது. அதன்மேல் என் எண்ணெய். இரண்டு பக்கமும் புதுசு போட்டான்.

நாளைக்குப் பொன்முடி இல்லை. சம்பந்திக்கு முகம் கோணல். பிஜு சாவி எடுக்கும் முன் காரைச் சுற்றி வருகிறான். எண்ணெய்க் குப்பி மேல்தட்டில், எனக்கு எட்டாத இடத்தில்.

எழுதும்போதே அடுக்களைக் கதவு கீச். திறந்தால் கீச், அடைத்தால் கீச். வெறும் கதவுதான். இருப்பு கொள்ளவில்லை. உள்ளே இருந்த ஷைலாவிடம் கேட்டேன், கொஞ்சம் எண்ணெய் விடட்டா?

“சசியண்ணன்கிட்ட கேட்டுட்டு விடுங்க.”