யார் யாரோடு தொடர்பு

இதெல்லாம் இப்படித்தான் வரும் எண்டு நான் அப்பவே சொன்னனான். உலகம் முழுக்க ஒருத்தனோடு ஒருத்தன் வயரில்லாமல் கொளுவுப்படும் எண்டு, கொழும்பு வெள்ளவத்தை ஒழுங்கைக்குள் நின்று முதலில் சொன்னவன் நான்தான். இன்றைக்கு வீட்டுக்குப் புது இணையப் பெட்டி பூட்டினார்கள். பச்சை வெளிச்சம் விட்டுவிட்டு மின்னுது. "பிள்ளை, உலகத்துக் கம்பியூட்டர் எல்லாத்தையும் எண்ணினது ஆர் எண்டு தெரியுமே? நானும் என்ட சிநேகிதனும்" எண்டு மருமகளிடம் சொன்னேன். "மாமா தொடங்கிட்டார்" எண்டு சிரித்தாள். அந்தச் சிநேகிதன் நீர்தான்; நீர் செத்து, உமக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்து நாலு நாள். சாட்சி சொல்ல நீர் இல்லை எண்டது அப்போதுதான் உறைத்தது.

சண்டை திரும்பவும் மூண்டிருந்த காலம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போகவென்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்தீர். வந்த கையோடு யாழ்ப்பாணப் பாதையைப் பூட்டினார்கள். முன்னுக்கும் போக ஏலாது, பின்னுக்கும் போக ஏலாது. என் நெட் கடைக்கு மேல் அறையில் அடைபட்டீர். மாத முடிவுக்குள் ஓர் ஆய்வை அனுப்பினால்தான் இடம் தருவோம் எண்டு அங்கத்தைப் பேராசிரியர் எழுதியிருந்தார்.

ஆய்வு இதுதான். பாட்டும் படமும் ஒருத்தரிடமிருந்து ஒருத்தர் நேரே எடுக்கிற வலையமைப்பு, நடுவில் முதலாளி கிடையாது. அதில் எத்தனை பேர் இருக்கிறார்கள், எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் எண்டு அளக்கவேணும். ஒரு கம்பியூட்டரிடம் உன் அயலவர் ஆர் எண்டு கேட்டால் பட்டியல் தரும். பிறகு அந்த அயலவரிடம் அதே கேள்வி.

"இது எங்கட கலியாணத் தரகர் செய்யிற வேலைதானே, ஐசே" எண்டேன்.

"ஓம் அண்ணை. தரகர் மாதிரிப் பொய்யும் சொல்லும். எப்பவோ போனவனையும் இருக்கிறான் எண்டு காட்டும்."

கம்பியூட்டர் இரண்டு கிழமை விடாமல் ஓடவேணும், இடையில் நின்றால் முதலிலிருந்து. "கொஞ்ச நேரம் பார்த்தால் வந்து போறவன்தான் தெரிவான். நெடுக இருக்கிறவனை அளக்க நாங்களும் நெடுக இருக்கவேணும்" எண்டீர்.

"நெடுக இருக்கிறதுக்கு எங்களை விட்டால் ஆர்?"

நீர் சிரிக்கவில்லை. பெருந்தெருவான காலி வீதியில் இரண்டு பக்கமும் ஆமிச் சோதனை. ஒழுங்கையால் இறங்கி றெயில் பாதை வரை போவீர், கடலைப் பார்ப்பீர், திரும்புவீர். அவ்வளவுதான் உம்முடைய கொழும்பு. பொலிஸ் பதிவுத் தாளில் எங்கிருந்து வந்தீர், ஏன் வந்தீர், எப்போது போவீர் எண்டு கேட்டிருந்தது. கடைசிக் கட்டத்தை வெறுமையாக விட்டீர். "அதை அவையள்தான் எனக்குச் சொல்லவேணும், அண்ணை."

பதினோராம் நாள் சுவர் நிறையத் தாள் ஒட்டியிருந்தீர். எல்லாம் வெறும் இலக்கம். தலைப்பில்லாத தாள் தலையில்லாத முண்டம் அல்லவா? கொட்டாஞ்சேனைக் கோயில் போர்ட் முழுக்க எழுதின கை என்னுடையது. நீர் குளிக்கப் போன நேரம் சிவப்பு மார்க்கரால் பெரிதாக எழுதினேன்: யார் யாரோடு தொடர்பு. கொழும்பில் போர்ட் எண்டால் இரண்டு மொழியிலும் இருக்கவேணும். அதனால் கீழே அழகாகச் சிங்களத்திலும் எழுதிவிட்டேன்.

நீர் வந்து பார்த்தீர். "ஐயோ அண்ணை, இதைக் கிழியுங்கோ" எண்டீர். மை காயட்டும், காலையில் பார்ப்போம் எண்டேன் நான்.

காலையில் ஆமியின் சுற்றிவளைப்பு. வீடு வீடாக வந்தவர்கள் மேலேயும் ஏறினார்கள். அதிகாரி சுவருக்கு முன்னால் நின்று வாசித்தார். இது ஆருடைய எழுத்து எண்டு சிங்களத்தில் கேட்டார். நான் நெஞ்சை நிமிர்த்தி முன்னுக்கு வந்து, "மகே, மாத்தயா", என்னுடையது ஐயா எண்டேன். என்னை மேலும் கீழும் பார்த்து, பைத்தியம் எண்டு விட்டுவிட்டார். கம்பியூட்டர் உம்முடையது எண்டபடியால் அதையும் உம்மையும் ஏற்றினார்கள்.

இதைத்தான் பதினைந்து வருடத்துக்கு மேலாக எல்லாருக்கும் சொல்லிவருகிறேன்.

நாலாம் நாள் நீர் வந்தீர். கம்பியூட்டர் வரவில்லை. பதினொரு நாள் அளவும் போய், மாதமும் முடிந்து, இடம் வேறு ஆருக்கோ போனது. அதற்குப் பிறகும் அந்த அறையிலேயே இருந்தீர், பாதை திறக்குமட்டும். பிறகு ஊருக்குப் போய் டியூட்டரியில் கம்பியூட்டர் படிப்பித்தீர், கடைசி வரைக்கும்.

கடையில் சனத்துக்கு முன்னால் நான் இந்தக் கதையை அளந்த ஒரு நாள் நீரும் பக்கத்தில் நின்றீர். நான் சில்லறையை எண்ணத் தொடங்கினேன். "ஓம், அண்ணை முன்னுக்கு வந்தவர்" எண்டு ஒத்தூதினீர், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

நான் கூட்டிக் கதைக்கிறவன். கொட்டாஞ்சேனையில் எழுதினதும் ஒரேயொரு போர்ட்தான். அதை விடும். அந்த அதிகாரி கேட்டபோது நான் வாயே திறக்கவில்லை. கதவோடு ஒட்டி நின்று, மார்க்கரைக் காற்சட்டைப் பைக்குள் தள்ளிக்கொண்டிருந்தேன். நீர் என்னை ஒருக்கால் பார்த்தீர். "மகே, மாத்தயா" எண்டு சொன்னது நீர்.