பழைய டயர் என்று நீ சொன்னது

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீ, மாப்பிள்ளை, சின்னவள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்களா? இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் அதில் பாதிதான் உண்மை, உடம்பு இரண்டு பேருக்கும் நன்றாகத்தான் இருக்கிறது, மனசுதான் எனக்குச் சரியில்லை. இந்தக் காலத்தில் போய் அம்மா கடிதம் எழுதுகிறாளே என்று சிரிப்பாய். என் போன் தையல் மிஷின் மேலிருந்து விழுந்து உயிரை விட்டதிலிருந்து அப்பாவின் போன்தான் இருவருக்கும், நீ கூப்பிட்டால் அவர் ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்துவிடுகிறார், நான் வாயைத் திறப்பதற்குள் என் பேச்சையும் அவரே பேசிவிடுகிறார். எதிர்வீட்டு நர்ஸம்மாவின் போனில் பேசலாம்தான், பேசினால் நான் அழுவேன், நீ பதறுவாய், பதறிய கையோடு அப்பாவைக் கூப்பிட்டுக் கத்துவாய், கத்தினால் அவர் விறைத்துக்கொள்வார், பிறகு யார் சொன்னாலும் ஏறாது. அதனால்தான் எழுதுகிறேன். நர்ஸம்மா புதன்கிழமை உங்கள் ஊரில் இருக்கும் தன் மகனைப் பார்க்க விமானம் ஏறுகிறாள், அவள் கையில் கொடுத்து அனுப்புகிறேன். ஒரு தடவைக்கு இரண்டு தடவை நிதானமாகப் படி, ஒரு டம்ளர் தண்ணீர் குடி, அதற்கப்புறம் போனை எடு.

விஷயம் அந்த மோட்டார் சைக்கிள்தான். உன் அத்தை வீட்டு மாமா ஓட்டிய வண்டி, அவர் போன பிறகு தார்ப்பாய்க்கு அடியில் கிடந்ததை அப்பா ஓய்வு பெற்றதும் அத்தையிடம் கேட்டு வாங்கி வந்து கொட்டகையில் போட்டுக் குடைந்துகொண்டிருந்தது உனக்குத் தெரியும். இப்போது வந்து பார்த்தால் அசந்துபோவாய். டேங்குக்கு அந்தப் பழைய பச்சை நிறத்தையே கலந்து அடித்தார், இரண்டு சக்கரத்திலும் துருப்பிடித்த கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் புதுக் கம்பி கோத்து, ஸ்பானரால் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டு முடுக்கினார், நாள் பூராவும் டிங் டிங் என்று என் காது புண்ணாகிவிட்டது. என்னைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து என் நெற்றி வியர்வையை ஒரு தடவை துடைத்தது கிடையாது, அந்த ரிம்மைத் துடைக்கிற துடைப்பைப் பார்க்க வேண்டுமே! எல்லாம் எதற்கு என்றால், அத்தைக்கு நெஞ்சில் அடைப்பு எடுத்து உள்ளே ஏதோ வைத்துத் தைத்து அனுப்பினார்களே, அப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, அந்த வண்டி என் வாசலுக்கு வர்ற சத்தத்த இன்னொரு தடவ கேட்டாப் போதும்டா என்று இவரிடம் சொல்லிவிட்டாள். அக்கா வாய் திறந்து கேட்டுவிட்டால் உங்கப்பாவுக்குத் தலைகால் புரியாது. மாமா ஓட்டியபடியே அச்சு அசலாகக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் மலைப்பாதை வழியாக அத்தை வீட்டுக்குப் பயணம். அப்பா ஓட்ட, நான் பின்னால்.

டயரில்தான் வந்தது வினை. மற்ற எல்லாம் முடிந்து அது மட்டும் பாக்கி இருந்தது. கடைத்தெருவில் பெரிய டயர் கடையில் இப்போதைய வண்டிகளுக்கான அகல டயரைத்தான் முதலில் காட்டினார்கள், அது மட்கார்டில் உரசும், அதுவும் போக இந்தக் கம்பிச் சக்கரத்துக்கு உள்ளே ட்யூப் வைக்கிற டயர்தான் சரிப்படும் என்று அப்பாவே வேண்டாம் என்றுவிட்டார். அப்புறம் அந்தக் கடைக்காரர் ஒரு படத்தை எடுத்துக் காட்டி, பழைய காலத்து டிசைனிலேயே இப்போது புதிதாகச் செய்கிறார்கள், முன்னால் நீள நீளக் கோடு, பின்னால் கட்டம் கட்டமாக, அளவும் சரியாக இருக்கும், ஆனால் சொல்லிவைத்தால் வர ஒரு மாதம் ஆகும் என்றார். அந்த வாரம்தான் நீ பேசினாய். அப்பா அந்தப் படத்தையும் அகல டயர் படத்தையும் உனக்கு அனுப்பி எதைப் போடட்டும் என்று கேட்டார். அடுப்படியில் நின்று நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். பழைய டயர்தான்ப்பா அதுக்கு அழகு, கண்ண மூடிக்கிட்டு அதையே போடுங்க என்று சொன்னாய். நீ சொன்னது பழைய டிசைன், அந்தப் படத்தில் இருந்த புது டயர், அது எனக்குப் புரிந்தது, யாருக்கும் புரியும். உங்கப்பா காதில் விழுந்தது பழைய டயர். மகளே சொல்லிவிட்டாள், இனி மறுபேச்சு ஏது, ஒரு மாதம் எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று ஊர் ஊராக அலைந்து, மூடப்போகிற ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையின் பரணில் இருந்து மாமா காலத்து டயர் இரண்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பழுப்புக் காகிதம் சுற்றியபடியே இருந்தது. பிரித்துக் காட்டி, புத்தம் புதுசு, இன்னும் ரோட்டப் பாக்காத டயர், மேல நீட்டிக்கிட்டிருக்கிற அந்த ரப்பர் முடிகூட உதிரல பாரு என்று குதித்தார். பக்கவாட்டில் செய்த வாரமும் வருஷமும் எண்ணில் பொறித்திருக்கிறது, இப்ப வர்றதுல நாலு எண் இருக்கும், இதுல மூணே மூணுதான், இதுக்கு மேல அசல்னு என்ன சாட்சி வேணும் என்று என்னிடமே கேட்கிறார். இரண்டாயிரத்துக்கு முன்னால், நீ பள்ளிக்கூடத்துக்கு ரெட்டைப் பின்னல் போட்டுக்கொண்டு போன காலத்தில் செய்த ரப்பர் என்று அதற்கு அர்த்தம், அவருக்கோ அதுதான் பெருமை.

மாட்டிக் கொடுத்தது நம் தெருமுனை மெக்கானிக், எதைச் சொன்னாலும் சரி சார் சரி சார் என்று தலையாட்டுவானே, அந்தச் சரிசார்தான். ரிம்மில் ஏற்றவே முடியவில்லை, வெயிலில் போட்டு இளக்கிப் பார்த்தார்கள், இரண்டு பேரும் நெம்பி நெம்பி வியர்த்துக் கொட்டினார்கள். கொஞ்சம் வெறப்பா இருக்கு சார் என்று அவன் சொன்னதற்கு, புதுசுன்னா வெறப்பாத்தான்டா இருக்கும் என்று இவர் சொல்ல, சரி சார் என்று முடித்துவிட்டான். நான் விடவில்லை. என் மர அலமாரியின் அடியில் பிரிக்காத எலாஸ்டிக் பாக்கெட் ஒன்று வருஷக்கணக்காகக் கிடந்தது, பாவாடைக்குத் தைக்கலாம் என்று எப்போதோ வாங்கி மறந்துபோனது, அதை அவர் கண் முன்னால் பிரித்து இழுத்துக் காட்டினேன். கறகற என்று சத்தம் வந்தது, இழுத்தது இழுத்தபடியே நின்றுவிட்டது, திரும்பிச் சுருங்கவே இல்லை. யாருமே தொடாத எலாஸ்டிக்தான் இது, தொடாமல் வைத்தால் ரப்பர் சாகாதா என்று கேட்டேன். பாவாட எலாஸ்டிக்குக்கும் பைக் டயருக்கும் முடிச்சுப் போடுறா பாரு என்று சரிசாரிடம் சொல்லிச் சிரித்தார், அவனும் சரி சார் என்று சிரித்தான்.

அதற்கப்புறம் நான் தினமும் அந்தக் கொட்டகைக்குப் போய்க் குனிந்து பார்ப்பதே வேலையாகிவிட்டது. முன் டயரின் கோடுகளுக்கு நடுப்பள்ளத்தில் மயிரிழை மாதிரி வெடிப்பு ஓடுகிறது, நகத்தால் தடவினால் தெரிகிறது. துணி வெட்டுகிற சாக்கட்டியால் அந்த வெடிப்பு முடிகிற இடத்தில் சின்னதாகக் கோடு கிழித்து வைத்தேன், தைப்பதற்கு அடையாளம் வைப்பது போலத்தான். அப்பா கடைத்தெருவரை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். போய்ப் பார்த்தால் வெடிப்பு என் சாக்கட்டிக் கோட்டைத் தாண்டிப் போயிருக்கிறது. மறுபடி கோடு போட்டேன், மறுபடி தாண்டியது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் காட்டினேன், எல்லா டயர்லயும் இப்படித்தான் இருக்கும், வண்டிக்கு என்ன ஜாக்கெட்டா தைக்கப் போற அளவெடுக்கிறதுக்கு என்று ஈரத்துணியால் துடைத்துவிட்டார். காற்றை இறக்கிவிடலாமா, திருகாணியை ஒளித்து வைக்கலாமா என்றெல்லாம் என் புத்தி போயிற்று, இந்த வயதில் திருட்டு வேலை செய்து மாட்டிக்கொண்டால் மானம் போகும் என்று விட்டுவிட்டேன்.

இதுவரை எழுதியது கோபம், இனி எழுதுவது பயம். வெள்ளிக்கிழமை மழை விட்டதும் வண்டியை எடுத்துக்கொண்டு போனவர் வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தார், வந்ததும் நேராகக் குளிக்கப் போய்விட்டார். மறுநாள் அவருடைய நீலச் சட்டை என் தைக்கிற கூடையின் அடியில், மற்ற துணிக்குக் கீழே திணித்திருந்தது. அரைக்கை ஓரத்தில், முழங்கைப் பக்கம் கிழிசல். கேட்டால், கொட்டகை ஆணியில மாட்டிக்கிச்சு என்றார். எத்தனை வருஷமாகக் கிழிசல் தைக்கிறேன், ஆணியில் மாட்டினால் ஒரே கீறலாகக் கிழியும், இது நூல் நூலாகத் தேய்ந்து, ஓரத்தில் தார் ஒட்டியிருந்தது. உங்கப்பா விழுந்திருக்கிறார்டி. ஈரத்தில் அந்தக் கல் டயர் வழுக்கி, எந்தத் திருப்பத்திலோ தெரியவில்லை, விழுந்து எழுந்து வந்து என்னிடம் மறைக்கிறார். அதன் பிறகு சிராய்ப்பு தெரியாமலிருக்க முழுக்கைச் சட்டைதான் போடுகிறார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன் பொய் சொல்கிறார் என்றால் அவருக்கும் உள்ளுக்குள் தெரிந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? ஊர்த் தெருவில் விழுந்தால் எழுந்து வரலாம், மலைப்பாதையில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. பிற்பகலானால் அங்கே தினமும் தூறுகிறது என்று அத்தையே சொல்கிறாள். அந்த ஒரு மாத டயருக்கே சொல்லிவைக்கலாமே என்று கடைசியாக ஒருமுறை கெஞ்சினேன். அக்காவுக்கு ஒரு மாசம் இருக்கான்னு யாருக்குத் தெரியும் என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அத்தையிடமே சொல்லித் தடுக்கலாம் என்றால், உனக்காகத்தான் இப்படிச் செத்த ரப்பரில் ஏறுகிறான் என்று அந்த நெஞ்சோடு இருப்பவளிடம் எந்த வாயால் சொல்வது?

ஆகவே உன்னால்தான் முடியும். பார்க்கிறவர்களிடமெல்லாம், என் பொண்ணு தேர்ந்தெடுத்த டயராக்கும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார், பால்காரர் முதல் தபால்காரர்வரை எல்லோருக்கும் தெரியும். நான் எழுதினேன் என்று மூச்சு விடாதே. எதேச்சையாகக் கேட்பது போல டயர் மாட்டியாச்சாப்பா, படம் அனுப்புங்க என்று கேள். அனுப்புவார், அனுப்பத்தான் துடித்துக்கொண்டிருக்கிறார். பார்த்துவிட்டு, ஐயோ அப்பா நான் சொன்னது இது இல்லையே, அந்தக் கடைக்காரர் வரவழைக்கிறேன்னாரே அதத்தானே சொன்னேன் என்று சிணுங்கு, கத்தாதே, சிணுங்கினால் போதும். உன் பேச்சில் ஏறியவர் உன் பேச்சில்தான் இறங்குவார். அத்தை வீட்டுக்குப் பஸ்ஸில் போய் வண்டிச் சத்தத்தைப் போனில் பிடித்துப் போட்டுக் காட்டலாம் என்றும் ஒரு வார்த்தை சேர்த்துவிடு, நான் சொன்னபோது முறைத்தார், நீ சொன்னால் யோசிப்பார்.

நர்ஸம்மா போய் இறங்கியதும் உன்னிடம் கொடுத்துவிடுவாள் என்று நம்புகிறேன். முதல் வேலையாகக் கொடும்மா என்று சொன்னேன், பெட்டிக்குள் பாஸ்போர்ட்டைத் தேடிக்கொண்டே ஆகட்டும் ஆகட்டும் என்றாள், காதில் வாங்கினாளோ இல்லையோ தெரியவில்லை. பேரன் முகத்தைப் பார்த்ததும் கடிதம் நினைவிருக்குமா? அப்படி இது உன் கைக்குத் தாமதமாக வந்தால், அதற்காகவும் சேர்த்துத்தான் எழுதுகிறேன், கேட்டுக்கொள். வண்டியில் வருகிறாயா இல்லை பஸ்ஸில் போகிறாயா என்று அப்பா என்னிடம் கேட்டார், பின்னால்தான் உட்காருவேன் என்று சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. தனியாகப் போனால் காற்றாய்ப் பறப்பார், நான் பின்னால் இருந்தால் ஒவ்வொரு வளைவிலும் குறைப்பார், அன்றைக்கு முதல் இன்றைக்கு வரை அப்படித்தான். என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். நீ சொன்ன வார்த்தையில் ஒரு தப்பும் இல்லை. நீ எதைச் சொன்னாய் என்று எனக்குத் தெரியும், நான் பக்கத்திலேயே நின்று கேட்டேன். என் மகள் சொன்ன டயர் என்று ஊரே உன்னிடம் வந்து சொன்னாலும் சரி, நீ அதைத் தலையில் ஏற்றிக்கொண்டு உட்காரக் கூடாது, இதை அம்மாவின் கையெழுத்திலேயே வைத்துக்கொள்.

சின்னவளுக்குப் பூப்போட்ட கவுன் ஒன்று தைத்து நர்ஸம்மாவிடமே கொடுத்திருக்கிறேன், இடுப்பில் நல்ல எலாஸ்டிக்தான், போன வாரம் வாங்கியது, வளர வளரப் பிரித்துக்கொள்ள உள்ளே மடித்துத் தைத்திருக்கிறேன். மாப்பிள்ளையை வேலை வேலை என்று அலையாமல் வேளைக்குச் சாப்பிடச் சொல். நீங்கள் மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் நிறைவாக வாழ வேண்டும், அதற்குமேல் எனக்கு வேண்டுதல் ஒன்றும் கிடையாது. ஒன்றே ஒன்று மறக்காதே, ஞாயிற்றுக்கிழமை போனை எங்கேயும் வைத்துவிட்டுப் போகாதே, கையிலேயே வைத்திரு.

இப்படிக்கு,
உன் மேல் உயிரையே வைத்திருக்கும்
அம்மா