கல்யாணத்துக்கு வெள்ளை

பிப்ரவரி 9, திங்கள்

வெயில். பத்து மணிக்கே பள்ளிக்கூடத் தகரக் கூரை கொதிக்கிறது. இரண்டாம் வகுப்பில் பாதிப் பேருக்குச் சளி. சாக்கட்டி தீர்ந்துவிட்டது என்று தலைமையாசிரியரிடம் சொன்னேன். பார்க்கலாம் என்றார். அவர் பார்க்கலாம் என்றால் பார்க்கமாட்டார் என்று அர்த்தம்.

பார்சல் இன்றும் இல்லை.

இருபத்தெட்டாம் தேதி சனிக்கிழமை தங்கச்சி ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம். அதற்கு அடுத்த புதன் சாம்பல் புதன். தவக்காலம் பிறந்துவிட்டால் ஃபாதர் கல்யாணம் செய்துவைக்கமாட்டார். மாப்பிள்ளை ஜோசப்புக்குக் கடல் தாண்டி சபாவில் மரம் வெட்டும் கம்பெனியில் வேலை, லீவு மார்ச் முதல் வாரத்தோடு சரி. அடுத்த லீவு அடுத்த வருஷம். ஆக, அந்தச் சனிக்கிழமை தவறினால் ஒரு வருஷம் போச்சு. மண்டபம், சாப்பாடு, மாப்பிள்ளை எல்லாம் தயார். சேலை மட்டும் கே.எல்.-இல் எங்கேயோ.

ஜனவரி முதல் வாரமே தபாலில் ஆர்டர் போட்டாயிற்று. செங்கல் கனத்துக்கு ஒரு கேட்டலாக். அதில் ஒரு பக்கத்தில் வெள்ளை ஜார்ஜெட், ஓரத்தில் வெள்ளிச் சரிகை. ஸ்டெல்லா அந்தப் பக்கத்தைப் பார்த்துப் பார்த்துத் தாளே நைந்துவிட்டது. "வீடு தேடி வரும்" என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தான். தேடுகிறது போல, இன்னும் வீடு கிடைக்கவில்லை.

பிப்ரவரி 11, புதன்

வயிற்றெரிச்சல். எழுதினால் ஆறுமா பார்ப்போம்.

பள்ளி விட்டதும் தோட்ட ஆபீஸ். எங்கள் லயத்து வரிசை வீடுகளின் கடிதமெல்லாம் அங்கேதான் வரும். பிரித்துக் கொடுப்பது பெரிய கிராணி, ஆபீஸ் தலைமைக் குமாஸ்தா. யாழ்ப்பாணத்துக்காரர், சட்டைப் பொத்தான் கழுத்துவரை போட்டிருப்பார். பார்சல் எதுவும் வந்ததா ஐயா என்றேன். வந்தது, போன மாதமே வந்தது, திருப்பி அனுப்பிவிட்டேன் என்றார்.

ஏன்?

"பிள்ளை, மிஸ்டர் சூசை எண்டெல்லோ பேர் போட்டிருந்தது. செத்தவரிட்டைக் காசு கேட்டு வந்து உங்களைக் கரைச்சல்படுத்தப் போறாங்கள் எண்டுதான் நான் எழுதி அனுப்பினனான்."

சூசை எங்கள் அப்பா. தோட்ட லோரி டிரைவர். போன அக்டோபரில் லோரிக்குள்ளேயே நெஞ்சு வலித்துப் போய்விட்டார். கிராணிதான் முதலில் ஓடி வந்தவர்.

நான் ஃபாரத்தில் எழுதியது "ரோஸ்மேரி ஏ/பி சூசை". ஏ/பி என்றால் மலாயில் மகள். சூசை மகள் ரோஸ்மேரி. இந்த நாட்டில் எந்தத் தமிழ்ப் பெண்ணின் ஐ.சி. அடையாள அட்டையைப் பார்த்தாலும் அப்படித்தான் இருக்கும். அந்தக் கம்பெனி கம்ப்யூட்டருக்கு அது தெரியாதாம். கடைசியில் இருப்பதுதான் ஆள், முன்னால் இருப்பதெல்லாம் இனிஷியல். மிஸ்டர் ஆர். ஏ. பி. சூசை! மகள் என்ற சொல்லையே இனிஷியல் ஆக்கிவிட்டான், படுபாவி.

கிராணியிடம் கோபப்பட முடியவில்லை. நல்லது நினைத்துத்தான் செய்திருக்கிறார். "இறந்துவிட்டார்" என்று ஆங்கிலத்தில் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டு அனுப்பினாராம். மனிதர் முகம் சுண்டிப்போய்விட்டது. நான்தான் பரவாயில்லை ஐயா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஸ்டெல்லாவிடம் இன்னும் சொல்லவில்லை. ரசம் வைத்தேன், உப்பு கூடிவிட்டது.

பிப்ரவரி 12, வியாழன்

கோலா சிலாங்கூர் போய்ப் போஸ்டாபீஸ் வாசல் போனில் கம்பெனியைப் பிடித்தேன். நாணயம் போட்டுப் போட்டுக் கை வலித்தது. முதலில் பாட்டு. பிறகு ஒரு பெண். தேன் மாதிரிக் குரல். பாதி ஆங்கிலம், பாதி மலாய். கணக்கு மிஸ்டர் சூசை பெயரில் இருக்கிறதாம், அவர்தான் பேச வேண்டுமாம். அவர் என் அப்பா, இறந்துவிட்டார் என்றேன். ரொம்ப வருத்தமாம். அப்படியானால் அவர் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுமாம்.

யார் எழுத்து மூலம்?

மிஸ்டர் சூசை.

இரண்டு தரம் கேட்டேன், இரண்டு தரமும் அதையேதான் சொன்னாள். நாணயம் தீர்ந்தது. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். பக்கத்தில் மீன்கூடையோடு ஒரு பாட்டாளி, கண்டுகொள்ளவில்லை. நல்ல மனுஷன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

பூசையில் இரண்டாவது கல்யாண ஓலை வாசித்தார் ஃபாதர். "காலஞ்சென்ற சூசையின் மகள் ஸ்டெல்லா." எவ்வளவு சரியாக, ஒரே மூச்சில். கம்ப்யூட்டர் இல்லாத மனிதர். அம்மா தலையை முக்காட்டுக்குள் இழுத்துக்கொண்டாள்.

பூசை முடிந்து நானும் ஸ்டெல்லாவும் கிள்ளான் பஸ். அவளுக்கு நேற்றே சொல்லிவிட்டேன். கத்தவில்லை, கேட்டலாக்கை மூடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். அது இன்னும் மோசம். கிள்ளானில் வெள்ளைச் சேலை இல்லாமல் இல்லை, கல்யாண வெள்ளையே இருக்கிறது. விலையைக் கேட்டுவிட்டு இருவரும் கையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தோம். எங்கள் பணம் கம்பெனிக்காரன் பெட்டியில் தூங்குகிறது. கரும்புச் சாறு குடித்தோம். திரும்பி வரும்போது ஸ்டெல்லா, "அக்கா, நான் சாதா சேலை கட்டிக்கிறேன் லா" என்றாள். சொன்ன குரலைக் கேட்டதும் எனக்கு வேகம் வந்துவிட்டது. முடியாது. எங்கேயாவது கிடைக்கும்.

பிப்ரவரி 17, செவ்வாய்

கம்பெனியிலிருந்து கடிதம். மிஸ்டர் ஆர். ஏ. பி. சூசைக்கு. கிராணி இந்தத் தடவை தானே கொண்டுவந்து பள்ளிக்கூடத்தில் கொடுத்தார்.

அன்புள்ள திரு. சூசை, தாங்கள் இறந்துவிட்டதாக எங்களுக்குத் தகவல் வந்துள்ளது. இது சரிதானா என்று தாங்கள் உறுதிப்படுத்தினால் மேற்கொண்டு நடவடிக்கை எடுப்போம்.

சத்தியமாக இப்படித்தான் எழுதியிருந்தது. ஸ்டெல்லா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு. அப்புறம் அம்மா, என்ன எழுதியிருக்கான், வாசி என்றாள். வாசித்தேன். அம்மா சிரிக்கவில்லை. "அப்பாவ யாரும் மிஸ்டர்னு கூப்பிட்டதே இல்ல" என்றாள். உறையை வாங்கிப் பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டு, தடவிப் பார்த்தாள். அதோடு எங்கள் சிரிப்பு நின்றது.

பதில் எழுதவில்லை. போடா நீயும் உன் கம்பெனியும்.

பிப்ரவரி 18, புதன்

விசாரிக்க வேண்டிய இடங்கள்: கோலா சிலாங்கூர் ஜவுளிக்கடை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாசிர் பெனம்பாங் சீனன் கடை. தையல்கார அந்தோணியம்மா (அவளிடம் பழசு ஏதாவது?).

அந்தோணியம்மாவிடம் இல்லை. அவள் கட்டியது மகளுக்குப் போய், மகளிடமிருந்து கரப்பானுக்குப் போய்விட்டது.

ஜவுளிக்கடை முதலாளி நெற்றி நிறையத் திருநீறு. வெள்ளைச் சேலை வேண்டும் என்றேன். முகம் மாறிவிட்டது. மேல் தட்டிலிருந்து கரையில்லாத மல் சேலைகளை மெதுவாக எடுத்து வைத்தார். யாருக்கும்மா என்றார். தங்கச்சிக்கு என்றேன். பக்கத்தில் நின்ற ஸ்டெல்லாவைப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது. "இந்தச் சின்ன வயசுலயா" என்றார்.

எனக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. விளங்கியதும் தலையில் அடித்துக்கொண்டேன். ஐயோ முதலாளி, கல்யாணம், நாங்க வேதக்காரங்க என்றேன். அவர் பதறிப்போய்ச் சேலைகளை அள்ளி உள்ளே தள்ளினார். கல்யாணப் பொண்ணு தொடக்கூடாது என்று ஸ்டெல்லா கையையே தட்டிவிட்டார். வெளியே வரும்போது அவள் கையில் ஒரு மஞ்சள் ரிப்பனைக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. கெட்ட மனிதர் இல்லை.

படகேறிப் பாசிர் பெனம்பாங். கருவாட்டு வாடை. சீனன் கடை அம்மா வெள்ளைத் துணி என்றதும் கூடாரத் துணி மாதிரி முரட்டுக் காடாவை எடுத்துப்போட்டு, "சியாப்பா மாத்தி?" என்றாள். யார் செத்தது?

இதற்கு மேல் ஸ்டெல்லாவால் முடியவில்லை. படகுத்துறையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பிப்ரவரி 19, வியாழன்

அம்மாவுக்கு நடந்தது தெரிந்துவிட்டது. இரவுச் சாப்பாட்டில் ஆரம்பித்தாள். அப்பா போனதிலிருந்து அம்மா வெள்ளைதான். கோயிலில் யாரும் கட்டச் சொல்லவில்லை. லயத்தில் எல்லாரும் கட்டுகிறார்கள், இவளும் கட்டிக்கொண்டாள். வேதத்துக்கு வந்து மூன்று தலைமுறை ஆகிறது, வெள்ளை மட்டும் விடவில்லை.

"ஒரே வூட்டுல ரெண்டு வெள்ளை வேணாம். அவ கலர் கட்டட்டும்" என்கிறாள். கல்யாணத்தன்று கோயிலில் கடைசி வாங்குப் பெஞ்சில் உட்காருவாளாம். பெண்ணுக்குப் பக்கத்தில் வரமாட்டாளாம். உலு யாமிலிருந்து சித்தப்பா வந்து கையைப் பிடித்துக் கூட்டிப் போகட்டுமாம்.

நான் கத்திவிட்டேன். மாப்பிள்ளை வீட்டில் வெள்ளைதான் கேட்டிருக்கிறார்கள், ஸ்டெல்லாவும் அதைத்தான் ஆசைப்பட்டாள், அப்பா இருந்தால் நீ இப்படிப் பேசுவாயா என்று. கடைசியில் சொன்னதைச் சொல்லியிருக்கக் கூடாது. அம்மா சோற்றை மூடி வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள். ஸ்டெல்லா இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிப்ரவரி 21, சனி

கிடைத்துவிட்டது!

பள்ளியில் மலாய் பாடம் எடுக்கும் சைத்தோன் டீச்சர் சொன்னார், கம்போங் குவாந்தானில் ஒரு மக்சிக், வயசான மலாய்க்கார அம்மா, வீட்டிலேயே துணி வைத்து விற்கிறாள், போய்ப் பார் என்று. ஸ்டெல்லா வரமாட்டேன் என்றாள். இழுத்துக்கொண்டு போனேன். மலாய்க் கிராமத்துக் கம்பத்து வீடு, படியேறிப் போக வேண்டும். மேலே ஒரே துணி மயம். மலாய்ப் பெண்கள் தொழும்போது போர்த்திக்கொள்ளும் துணிதான் அதிகம். மெல்லிய வெள்ளை, ஓரமெல்லாம் பூ வேலை.

எனக்குப் பேசவே பயம். வெள்ளை வேண்டும் என்று மட்டும் சொன்னேன். மக்சிக் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஸ்டெல்லாவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"நிக்கா?" என்றாள்.

நிக்காதான் மக்சிக், நிக்காதான்! அவர்கள் பெண்களும் நிக்காவுக்கு வெள்ளைதான் உடுத்துவார்களாம். யார் செத்தது என்று கேட்காத முதல் ஆள். ஸ்டெல்லா அங்கேயே நின்று அழுதாள். மக்சிக் பயந்துபோய் மாப்பிள்ளை பிடிக்கவில்லையா என்று என்னிடம் கேட்டாள்.

அந்தப் பூ வேலை வெள்ளைச் சுருளில் மிச்சம் இரண்டு சேலைக்கு வரும். ஒன்றுக்கு மட்டும் வெட்டித் தா என்றேன். மாட்டாளாம், துண்டு விழுந்தால் யார் வாங்குவார்கள், மொத்தமாக எடு, விலையைக் குறைக்கிறேன் என்றாள். எடுத்தோம். தேநீரும் அவித்த மரவள்ளியும் கொடுத்தாள். கேட்டலாக்கில் இதெல்லாம் கிடையாது.

பிப்ரவரி 22, ஞாயிறு

மூன்றாவது ஓலையும் ஆயிற்று. தடை சொல்ல யாரும் எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் ஸ்டெல்லா துணியைப் பாயில் விரித்து, ஒரு பாதி எனக்கு, ஒரு பாதி அம்மாவுக்கு என்றாள். கேட்காமல் முடிவு செய்துவிட்டாள். அம்மா பதறினாள். அது கல்யாணத் துணி, நான் கட்டக் கூடாது என்றாள்.

"நீ கட்டியிருக்கறதும் வெள்ளைதானம்மா."

"அது வேற வெள்ளை."

ஸ்டெல்லா கத்தரியை எடுத்தாள், நடுவில் மடித்தாள், வெட்டினாள். இரண்டையும் கலைத்துப்போட்டு அம்மா முன்னால் வைத்தாள். "இப்ப சொல்லு, எது எந்த வெள்ளைன்னு."

அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டாள். குழாயில் தண்ணீர் வராத நேரம். வெறுங்குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள், ஜன்னலில் பார்த்தேன்.

பிப்ரவரி 26, வியாழன்

மூன்று நாளாகத் தையல். இரண்டுக்கும் ஓரம் அடித்தாயிற்று. தலைப்பில் வெள்ளிச் சரிகை வைக்கலாமா என்றதற்கு ஸ்டெல்லா வேண்டாம் என்றாள். அம்மா இன்னும் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆனால் ஊசியில் நூல் கோத்துத் தருகிறாள்.

மாப்பிள்ளையின் அம்மா வந்து துணியைத் தொட்டுப் பார்த்தார். எங்கே வாங்கினீர்கள், கே.எல்.-லா என்றார். கம்போங் குவாந்தான் என்றேன். நம்பவில்லை.

கம்பெனி மிஸ்டர் சூசைக்குப் புதுக் கேட்டலாக் அனுப்பியிருக்கிறான். பக்கம் பக்கமாகக் கிழித்து அதிரசத்துக்கு எண்ணெய் ஒற்ற வைத்தேன். நன்றாக உறிஞ்சுகிறது.

பாக்கி: பூ (சனி காலை), சித்தப்பாவுக்குப் படுக்கை, ஐந்தாம் வகுப்புத் தாள் திருத்தவில்லை.

பிப்ரவரி 28, சனி

உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி. தூங்குவதற்குள் எழுதிவிட வேண்டும்.

காலை அறைக்கதவைத் திறந்து அம்மா வந்தாள். புதுசைக் கட்டியிருந்தாள். யாரும் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் போய் மாற்றிவிடுவாள் என்று பயம்.

கோயில் வரைக்கும் சரி. வாசலில் வண்டியை விட்டு இறங்கியதும் அம்மா ஒதுங்கிக் கடைசி வாங்குப் பக்கம் நடந்தாள். சித்தப்பா கோட்டுப் போட்டுக்கொண்டு கையை நீட்டித் தயாராக நின்றார். உள்ளே பாட்டு ஆரம்பித்துவிட்டது. ஸ்டெல்லா நகரவில்லை. சித்தப்பா, நீங்க முன்னால போங்க என்றாள். ஓடிப்போய் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

அம்மா கையை உருவப் பார்த்தாள். "விடுடி. நல்ல நாளும் அதுவுமா. சனங்க பாக்குது."

"பாக்கட்டும். நீ வரலன்னா நானும் வரல."

பாட்டு இரண்டாவது தடவை பாடினார்கள். ஜோசப் கழுத்தை எக்கி எக்கிப் பார்த்தார். பின்னாலிருந்த வாங்கில் ஒருத்தி, அந்தம்மா ஏன் வெள்ளை கட்டிட்டு முன்னால வருது என்றாள். இன்னொருத்தி, பொண்ணும் அதேதான் கட்டியிருக்கு, பாரு, ஒரே துணி என்றாள்.

ஸ்டெல்லா பிடியை விடவில்லை. கோயில் நடுவில் இரண்டு பேரும் நடந்தார்கள். இரண்டு முந்தானையும் தரையில் படாமல் பிடித்துக்கொண்டு நான் பின்னால் போனேன்.